ஒரு சாண் தொலைவின் வண்ணங்கள்

பிறக்கப்போகும் குழந்தைக்காக ஓர் அறையையோ, பெற்றோரின் அறையில் ஒரு மூலையையோ ஆயத்தப்படுத்தும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் சுவரிலிருந்தே தொடங்குகிறது: எந்த வண்ணம் அடிப்பது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்குமா, எவ்வளவு செலவாகும் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே எழுகின்றன. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கும் இந்தியாவில், பேறுகாலத்துக்கு முன்பே ஒழுங்குசெய்யப்படும் எந்த அறையும் இருபாலுக்கும் பொதுவாக அமைவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் இம்மூன்று கேள்விகளும் பெரியவர்களின் கண்ணை வைத்தே கேட்கப்படுகின்றன. அந்த அறையில் வாழப்போகும் குழந்தையின் கண் எதைக் காண்கிறது, எவ்வளவு தொலைவில் காண்கிறது, எப்போதிலிருந்து நிறங்களைப் பிரித்தறிகிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டால், அலங்காரத்துக்கான செலவு சுவரை விட்டு விலகிக் குழந்தையின் முகத்துக்கு அருகே வந்துவிடும். அப்படி வரும்போது பெருமளவு குறைந்தும்விடும்.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 17 மி.மீ. நீளம் கொண்டது, வளர்ந்தவருக்கு அது 24 மி.மீ. அளவில் இருக்கும். அளவைவிடப் பெரிய வேறுபாடு உள்ளே இருக்கிறது. விழித்திரையின் நடுவில், கூர்மையான பார்வைக்கென்றே அமைந்த சிறு பள்ளத்தை மையக்குழி என்பர். நிறங்களை உணரும் கூம்பு செல்கள் அங்குதான் நெருக்கமாகச் செறிந்திருக்க வேண்டும். பிறந்த குழந்தையிடம் அந்தச் செல்கள் குட்டையாகவும் தடித்தும் இடைவெளி விட்டும் காணப்படுகின்றன. அவை நீண்டு மெலிந்து நெருங்குவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். மூளையில் பார்வைக்கான பகுதியும் இக்காலத்தில் வளர்ந்துகொண்டே இருப்பதால், முதல் வாரங்களில் குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. வரையுள்ள பொருள்களே. அது ஏறத்தாழ ஒரு சாண் தொலைவு. பாலருந்தும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையிலுள்ள தொலைவும் அதுவே.

பேச முடியாத குழந்தைக்கு என்ன தெரிகிறது என்பதை அறிவியல் எப்படிக் கண்டுபிடித்தது என்பது தனியே சொல்லத்தக்கது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ், குழந்தையை ஒரு பெட்டி போன்ற அமைப்பில் படுக்க வைத்து, அதன் பார்வைக்கு மேலே இரண்டு படங்களைக் காட்டி, சிறு துளை வழியாக அதன் கருவிழியை உற்றுநோக்கினார். எந்தப் படத்தின் பிம்பம் கருவிழியில் விழுகிறதோ அதைக் குழந்தை பார்க்கிறது என்று பொருள். பிறந்து 5 நாள்கள்கூட ஆகாத குழந்தைகளும் வெற்று வண்ணப் பரப்பைவிட, முகம் போன்ற உருவத்தையும் வட்டக் கோலங்களையும் நீண்ட நேரம் பார்த்ததை அவர் 1963-இல் வெளியிட்டார். டேவிடா டெல்லர் இம்முறையைச் செம்மைப்படுத்தி, சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டி, கோடுகளை மேலும் மேலும் மெல்லியதாக்கிக்கொண்டே போய், எந்த நிலையில் குழந்தை வேறுபாட்டைக் காணத் தவறுகிறது என்று அளந்தார். அவர் பெயரால் வழங்கும் அட்டைகள் இன்றும் கண் மருத்துவத்தில் பயன்படுகின்றன.

இந்த அளவைகளிலிருந்து ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது. ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்ததை ஓர் இணை என்று கொண்டால், ஒரு மாதக் குழந்தையின் கண் ஒரு பாகைக் கோணத்துக்குள் ஏறத்தாழ ஓர் இணையைப் பிரித்தறியும். ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஆறு இணைகள். நல்ல பார்வையுள்ள பெரியவர்களுக்கு முப்பது. ஒரு பாகை என்பது 30 செ.மீ. தொலைவில் 5 மி.மீ. அகலமாகும், அதாவது அவ்வளவு அருகில், இரண்டரை மி.மீ. அகலக் கோடுகள்கூட ஒரு மாதக் குழந்தைக்குத் தனித்தனியாகத் தெரியக்கூடும். அதே குழந்தை 3 மீட்டர் அப்பாலுள்ள சுவரைப் பார்த்தால், அந்த ஒரு பாகை 5 செ.மீ. ஆகிவிடுகிறது, கோடு ஒவ்வொன்றும் இரண்டரை செ.மீ.க்குக் குறைந்தால் எல்லாம் கலந்து சாம்பலாகிவிடும். இதுவும் கறுப்பும் வெள்ளையும் போன்ற உச்ச வேறுபாட்டுக்குப் பொருந்தும் கணக்கே. வெளிர்நீலத்தின் மேல் வெண்மேகம், சந்தனநிறத்தின் மேல் இளம்பழுப்பு இலை என்று மென்மையாக வரையப்பட்டவை அந்தத் தொலைவில் குழந்தைக்கு ஏதுமற்ற வெற்றுச் சுவரே. விலையுயர்ந்த சுவரொட்டித் தாள்களின் நுண்ணிய வேலைப்பாடு முதல் மாதங்களில் பெற்றோருக்கான அலங்காரமாக மட்டுமே நிற்கிறது. அதில் தவறில்லை, ஆனால் குழந்தைக்காகச் செய்த செலவாக அதைக் கணக்கில் எழுத முடியாது.

நிறத்தைப் பொறுத்தவரை, பிறந்த குழந்தை கறுப்பு வெள்ளையில் மட்டுமே காண்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று. பரப்பு பெரிதாகவும் நிறச்செறிவு மிகுந்தும் இருந்தால், பிறந்த சில நாள்களிலேயே சிவப்பைச் சாம்பலிலிருந்து பிரித்தறிய முடிகிறது. நிறச்செறிவு என்பது ஒரு நிறத்தில் வெண்மையோ சாம்பலோ கலவாத தூய்மையின் அளவு. மிளகாய்ப்பழச் சிவப்புக்கு அது மிகுதி, ரோஜா வெளிறலுக்குக் குறைவு. சுமார் இரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்துகின்றன; நீலத்தையும் மஞ்சளையும் பிரிக்கும் திறன் சற்றுப் பின்னால், மூன்றாம் மாதத்தை ஒட்டி வருகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிராங்க்ளின் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு முதல் ஆறு மாதக் குழந்தைகள் நிறங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்து வகைகளாகப் பகுத்துணர்வதைக் காட்டியது. நிறப்பெயர் ஒன்றுகூடத் தெரியாத பருவத்தில் இந்தப் பகுப்பு இருப்பதே அதன் வியப்பு. இன்று நாகரிகமாகக் கருதப்படும் மணல்நிற, சாம்பல்நிறக் குழந்தை அறைகள் பாலினப் பொதுமையை நிறமின்மையால் அடைய முயல்கின்றன. குழந்தையின் கண்ணோ அதே பொதுமையை நிறச்செறிவின் வழியாகவே வேண்டுகிறது.

நீலம் ஆணுக்கு, இளஞ்சிவப்பு பெண்ணுக்கு என்ற பிரிவினைக்கு உயிரியலில் வேர் இருக்கிறதா என்ற கேள்வி முறையாகவே ஆராயப்பட்டிருக்கிறது. வளர்ந்த ஆண் பெண்களிடையே நிறவிருப்பத்தில் வேறுபாடு இருப்பதாக 2007-இல் ஓர் ஆய்வு கூறியபோது அது பெரும் செய்தியாயிற்று. ஆனால் அதே ஆய்வாளர்கள் அன்னா ஃபிராங்க்ளினோடு சேர்ந்து நான்கு, ஐந்து மாதக் குழந்தைகளைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட முடிவில், ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் இடையே அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அவ்வாண்டிலேயே வெளிவந்த மற்றோர் ஆய்வும் 12 முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் நிறத்தில் பால் வேறுபாட்டைக் காணவில்லை. இருபாலருமே நீலத்தைவிடச் சிவப்புச் சாயல்களை அதிகம் பார்த்தனர். வனெசா லோபூ, ஜூடி டெலோச் ஆகியோர் 2011-இல் எழுதிய கட்டுரை இந்த மாற்றம் எப்போது நுழைகிறது என்பதைக் காட்டுகிறது: ஏழு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களிடம் இணை இணையாகப் பொருள்களை நீட்டியபோது, இரண்டு வயதளவில் பெண் குழந்தைகள் இளஞ்சிவப்பை நாடத் தொடங்கினர், ஆண் குழந்தைகள் வளர வளர அதைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டனர். தான் ஆண், தான் பெண் என்று குழந்தை உணரத் தொடங்கும் பருவமும் அதுவே.

வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை உடைகளின் வரலாற்றை ஆராய்ந்த ஜோ பாவோலெட்டி, 19-ஆம் நூற்றாண்டில் இருபால் குழந்தைகளும் வெண்ணிற அங்கியையே அணிந்ததையும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரு நிறங்களைப் பற்றி ஒன்றோடொன்று முரணான பரிந்துரைகள் உலவியதையும், 1918-இல் வணிக இதழ் ஒன்று இளஞ்சிவப்பையே ஆண் குழந்தைக்கு உரியதாகச் சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார். தமிழ் வீடுகளில், பாட்டனின் வேட்டியும் பாட்டியின் நூல் சேலையும் கிழிக்கப்பட்டு எந்தக் குழந்தைக்கும் விரிப்பாகவும் தூளியாகவும் ஆன வழக்கத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமே இருந்ததில்லை. அது கடைகளின் அலமாரி வழியாக வந்து சேர்ந்த புதுவரவு.

அந்தப் பழந்துணி வழக்கத்தை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது பிழை. புதுத்துணியில் ஒட்டாமல் தங்கிய சாயமும், சுருக்கம் விழாதிருக்க ஏற்றப்படும் வேதிப்பூச்சும் பலமுறை துவைத்த துணியிலிருந்து பெரும்பாலும் நீங்கியிருக்கும், இழைகளும் மென்மையாகியிருக்கும். காட்சியின் நோக்கில் பார்த்தால் இன்னொரு சிறப்பும் உண்டு. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையின் அகலக் கட்டங்கள் கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள் என்று ஒளியிலும் நிறத்திலும் நன்றாக விலகி நிற்பவை. மதுரைச் சுங்குடியில் அழுத்தமான நிறத்தின் மேல் வெண்புள்ளிகள் வரிசையிட்டிருக்கும். அத்தகைய பழஞ்சேலை ஒன்றைத் தூளியாகக் கட்டினால், அதன் பக்கச் சுவர் குழந்தையின் கண்ணிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே நிற்கிறது. கட்டத்தின் கோடு ஒரு விரற்கடை அகலம் இருந்தாலும் முதல் மாதக் கண்ணுக்கு அது தாராளம். தூளியின் வாயை விரித்துப் பிடிக்கக் குறுக்குக் கட்டை இருக்க வேண்டும், துணி முகத்தில் மடியக் கூடாது, நீண்ட உறக்கத்துக்குச் சமதளமான உறுதியான படுக்கையே ஏற்றது என்ற எச்சரிக்கைகளை இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அதேபோல், படுக்கையைச் சுற்றி வண்ண மெத்தைத் தடுப்புகளும் தலையணைகளும் துணிப்பொம்மைகளும் அடுக்குவது மூச்சடைப்புக்கு வழிசெய்யும் என்பதால் முதல் ஆண்டில் அவற்றை மருத்துவர்கள் விலக்குகின்றனர். மெத்தைத் தடுப்புகளின் விற்பனையை அமெரிக்கா 2022-இல் சட்டத்தால் தடுத்தது. செலவைக் குறைக்க எண்ணும் குடும்பம் முதலில் அடித்துவிட வேண்டிய இனங்கள் இவை.

தலைக்கு மேலே தொங்கும் அலங்காரம் இக்காலத்தில் மிகுந்த பயன் தருவது; கடையில் வாங்குவதில் அடிக்கடி ஒரு குறையும் தெரிகிறது. யானையும் மீனும் பக்கவாட்டில் அழகாகத் தெரியும்படி அவை தொங்கவிடப்பட்டிருக்கும். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்குத் தெரிவதோ அவற்றின் அடிவயிறும் விளிம்பும் மட்டுமே. கெட்டி அட்டையில் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை வெட்டி, கறுப்பு வெள்ளையும் ஓர் அழுத்தமான சிவப்புமாகத் தீட்டி, அவற்றின் தட்டையான முகம் கீழ்நோக்கியிருக்கும்படி மூங்கிற் குச்சியில் கட்டினால் அந்தக் குறை தீரும். இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரி 1930-களில் செய்த, காற்றில் மெல்ல அசையும் அட்டைச் சிற்பங்களின் வழியிலேயே மாண்டிசோரி முறையினர் பிறந்த குழந்தைக்கான முதல் தொங்கட்டானை அமைத்தனர். அதில் அட்டையும் நூலும் குச்சியும் தவிர விலைபெறும் பொருள் ஏதும் பெரிதாக இல்லை. இளங்குழந்தைகள் பெரும்பாலும் தலையை ஒரு பக்கம், குறிப்பாக வலப்பக்கம், திருப்பியே படுப்பதால், நேர் உச்சியில் அல்லாமல் அந்தப் பக்கம் சற்றுச் சாய்த்து, முகத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுவது பொருத்தம். இரண்டு மாதத்துக்குப் பின் பச்சையும், அதன் பிறகு நீலமும் மஞ்சளும் சேர்க்கலாம். சாயமேற்றிய பனையோலையால் முடைந்த கிலுகிலுப்பையின் இளஞ்சிவப்பும் பச்சையுமான கட்டங்களும் இந்தப் பணிக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. கைகளை ஊன்றி எழத் தொடங்கும்போதோ, ஐந்து மாதம் ஆனதுமோ, கழுத்தில் நூல் சிக்கும் ஆபத்தைக் கருதித் தொங்குவன அனைத்தையும் கழற்றிவிட வேண்டும்.

சுவருக்கு வரும்போது, கவலை அழகிலிருந்து உடல்நலத்துக்கு மாறுகிறது. இருபாலுக்கும் பொதுவான நிறம் என்றதும் பலர் மஞ்சளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; முதல் வாரத்தில் அதில் ஓர் இடர் இருக்கிறது. நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குப் பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தோன்றுகிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை முதிராத கல்லீரலால் விரைந்து வெளியேற்ற முடியாததே காரணம். பெரும்பாலும் தானே தணியும் இது, சிலருக்கு மூளையைத் தாக்கும் அளவுக்கு ஏறக்கூடும் என்பதால் தோலின் நிறத்தைக் கவனிப்பது அவசியம். மஞ்சள் சுவரிலும் மஞ்சள் திரையிலும் பட்டுச் சிதறும் ஒளி குழந்தையின் தோலையும் மஞ்சளாகக் காட்டும், உண்மையான மஞ்சளை மறைக்கவும் செய்யும். ஆகவே படுக்கையை அடுத்த சுவர் வெண்மையாக இருப்பதும், பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்ப்பதும், ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது. மாமை நிறத் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது என்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

அடுத்தது ஈயம். பளபளக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல் வண்ணங்களுக்கு நெடுங்காலம் ஈய குரோமேட்டே நிறமியாக இருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்து, அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் அடித்த சன்னல் கம்பிகளும் கதவுகளும், சிக்கனம் கருதி வாங்கும் பழைய தொட்டில்களும் அந்தப் பழைய பூச்சை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியைப் பாதிக்காத பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. பழைய எனாமலை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதே மிகப் பெரிய தவறு. கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் அறையெங்கும் படியும். பூச்சு உரியாமல் இருந்தால் அதன் மேலேயே புதுப்பூச்சு அடித்து மூடலாம். உரிகிறதென்றால் நனைத்துச் சுரண்டி, துடைத்து, கருவுற்ற பெண்ணும் குழந்தைகளும் இல்லாத வேளையில் முடிக்க வேண்டும். வரலாறு தெரியாத வண்ணத் தொட்டிலைவிட, வண்ணமே அடிக்காத மரத்தொட்டில் எப்போதும் மேல்.

சுவர்ப்பூச்சில் நீர் கலந்து அடிக்கும் எமல்ஷன், கரைப்பான் எண்ணெய் கலந்த எனாமலைவிட எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைக் குறைவாக வெளியிடுகிறது. புதுவண்ண வாசனையாக மூக்கில் ஏறுவன அச்சேர்மங்களே. எதை அடித்தாலும் பேறுகாலத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்துவைப்பது முறை. எமல்ஷன் ஏறாத பழைய காரைச் சுவராக இருந்தால், சுண்ணாம்பு அடிப்பது இன்றும் மிக மலிவான, நஞ்சற்ற வழி. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணக்கல்லாகவே மாறி இறுகுகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. அதில் கலக்கும் நிறமி காரத்தைத் தாங்க வேண்டும்: செங்காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஆக்சைடு மண்களும், வெள்ளையடிக்கும்போது சேர்க்கும் நீலமும் தாங்கும். சமையல் மஞ்சள் தாங்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதை எல்லோரும் பார்த்திருப்பர், குர்குமின் என்ற அதன் நிறமி காரத்தில் சிவப்பதே அதற்குக் காரணம். வெயில் பட்டால் அந்தச் சிவப்பும் நிற்காது.

சுவர் நிறம் குழந்தையின் மனநிலையை மாற்றும் என்ற வாதங்களுக்காகப் பணம் செலவிடத் தேவையில்லை. குறிப்பிட்ட ஓர் இளஞ்சிவப்பு நிறம் வன்முறையைத் தணிக்கும் என்று 1979 வாக்கில் அமெரிக்காவில் புகழ்பெற்ற கருத்தைச் சுவிட்சர்லாந்துச் சிறை அறைகளில் ஒழுங்கான ஒப்பீட்டோடு சோதித்தபோது அத்தகைய விளைவு காணப்படவில்லை என 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. நிறங்கள் பலவாக இருப்பது மட்டும் உண்மையிலேயே தேவை: ஜப்பானிய ஆய்வாளர் யோய்ச்சி சுகிதா, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒற்றை அலைநீள ஒளியில் மட்டுமே வளர்த்த குரங்குக் குட்டிகள், ஒளி மாறும்போதும் பொருளின் நிறத்தை நிலையாக அறியும் திறனைச் சரிவரப் பெறவில்லை என்று 2004-இல் காட்டினார். சன்னல் வழியே பகலொளி வரும் சாதாரண வீட்டில் எந்தக் குழந்தைக்கும் அந்தக் குறை நேராது. மறுபுறம், சுவர் முழுக்கப் படங்கள் நிறைந்த வகுப்பறையில் மழலையர் கவனம் சிதறிக் குறைவாகக் கற்றதை அமெரிக்க ஆய்வொன்று 2014-இல் பதிவு செய்தது. சுவரின் பெரும்பகுதியை வெறுமையாக விடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஐந்தாறு மாதத்தில் குழந்தை குப்புற விழுந்து தலை நிமிரும்போது அதன் காட்சி தரைக்கு இறங்குகிறது. பவானி ஜமக்காளத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் அப்போது மிக ஏற்ற காட்சிப் பரப்பாகின்றன. தவழும் குழந்தை பட்டையின் விளிம்பில் விரலை வைத்து நிறம் மாறுமிடத்தைத் தடவிப் பார்ப்பதைக் காணலாம். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளில் வாயில் அடங்காத அளவுள்ளவற்றை அதன் மேல் பரப்பினால் நிறமும் உருவமும் கைக்கு எட்டிவிடும். ஒரு கருப்பொருளைத் தேர்ந்து படம் தீட்ட விரும்பும் குடும்பம் அதை இப்போது செய்யலாம். நெய்தல் நிலம் இருபாலுக்கும் பொதுவான நல்ல தேர்வு. கடல், மீன், கட்டுமரம், பனை ஆகியவற்றுக்குப் பெரிய, எளிய உருவங்களே போதும். படங்கள் பெரியவர் கண் மட்டத்தில் அல்லாமல், தரையிலிருந்து இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் நான்கு சுவரிலும் அந்த உயரத்துக்கு மட்டும் கழுவக்கூடிய எமல்ஷன் அடித்தால் மொத்தப் பரப்பு 100 சதுர அடிதான். கதவு போக மிஞ்சுவதற்கு, சமமான பட்டி பார்த்த சுவரில், ஒரு லிட்டர் டப்பா இரண்டு பூச்சுக்குக் காணும். டப்பாவில் எஞ்சியதை இறுக மூடி நிழலில் வைத்துக்கொண்டால், ஒன்றரை வயதில் அந்தச் சுவரின் மேல் விழப்போகும் கிரையான் கிறுக்கல்களுக்கு மறுபூச்சாக அது உதவும்.